வகுத்தல் விதியும் என் பெயரும்

ஆட்சி மாறுவதற்கு முன் வியத்நாமின் இந்த நகரில் நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவதன் எடை வாசிப்பவருக்குத் தெரியாது. நான் பிறந்தது இங்கே. குடும்பம் புதுச்சேரியிலிருந்து வந்தது. தந்தையார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்க அலுவலக எழுத்தர். நான் அறிவியல் கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்று, பிரெஞ்சு வழியில் பாடம் நடந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் மேல் வகுப்புகளுக்கு நுண்கணிதம் கற்பித்தேன். என்னிடம் படித்தவர்களில் பொறியாளர்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. கரும்பலகையில் எழுதிய ஒரு வரியை மாணவர் சொல்லி நான் அழித்துத் திருத்தியதாக ஒரு நாளும் நினைவில்லை. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே பெருமையாகவே சொல்கிறேன்.

எழுபத்தைந்தில் ஆட்சி மாறியது. பள்ளி மூடப்பட்டது. எங்களவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தோர் டான் சோன் நாட் விமான நிலையத்தில் வரிசையில் நின்று விமானம் ஏறினார்கள். என் மனைவி இந்த ஊர்க்காரி. படுக்கையில் கிடந்த தன் தந்தையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. வட்ட அலுவலகத்துக்கு என் வாழ்க்கை வரலாற்றை ஐந்து முறை எழுதிக் கொடுத்தேன். ஐந்திலும் ஒரே செய்திதான் இருந்தது, ஆறாவதைக் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், கான் ஹொய் துறைமுகத் தொழிலாளருக்கான மாலை வகுப்பில் கணிதம் கற்பிக்க என்னை அனுப்பினார்கள். போர்க்காலத்தில் படிப்பை விட்டுவிட்ட பெரியவர்கள் பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்குவதற்காக நடத்தப்பட்ட வகுப்பு அது. கார் ஓட்டுநரோடு பள்ளிக்குப் போனவன் சைக்கிளில் பாலம் ஏறி அங்கே போனேன். பதவி, வீடு, கார் எல்லாம் போயின. கணக்கு தெரிந்தவர் என்ற பெயர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதில் கை வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

வகுப்பு ஒரு கிடங்கின் மாடியில் நடந்தது. சணல் மூட்டையும் மீன் சாறும் கலந்த வாடை படியேறி வரும். கரும்பலகை என்பது ஒட்டுப்பலகைதான். தீர்ந்துபோன பேட்டரிகளின் கரியைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். காகிதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆண்டுகளில் கிடைத்த காகிதம் பழுப்பு நிறம். வைக்கோல் தும்புகள் அப்படியே அதில் படிந்திருக்கும். ஒவ்வொரு தும்பும் பார்வைக்கு ஒரு கழித்தல் குறி. மாணவர் தாளைத் திருத்தும்போது, அங்கே இருப்பது குறியா தும்பா என்று நகத்தால் கீறிப் பார்க்கும் நிலை வந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டளை போட்டேன்: கழித்தல் குறியை விரல் நகத்தின் அகலத்துக்கு நீட்டி எழுத வேண்டும், குட்டையாக எழுதினால் அது வைக்கோல், மதிப்பெண் கிடையாது. பாரந்தூக்கி ஓட்டுபவர்கள், மூட்டைக் கணக்கெடுக்கும் எழுத்தர்கள், படகு எந்திரம் பழுது பார்ப்பவர் எல்லோரும் அந்தக் கட்டளைக்குப் பணிந்தார்கள். கழித்தல் குறியில் இத்தனை கண்டிப்பாக இருந்த ஒருவன்மேல்தான் அந்தப் பழி விழுந்தது.

வகுத்தல் விதிக்கு வருகிறேன். ஒரு சார்பை இன்னொரு சார்பால் வகுத்து எழுதியிருந்தால், அதன் வகைக்கெழுவை எப்படிக் காண்பது என்று சொல்லும் விதி அது. வகைக்கெழு என்பது ஒன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்பதன் கணக்கு. வியத்நாமிய மொழியில் பின்னத்தின் மேலுள்ள எண்ணைப் பிள்ளை எண் என்றும், கீழுள்ளதைத் தாய் எண் என்றும் சொல்வார்கள். பிரெஞ்சு வகுப்பில் நான் சூத்திரத்தை ராகம் போட்டுச் சொல்ல வைத்தவன்: யூ ப்ரீம் வே, முவான் யூ வே ப்ரீம், சுர் வே கார்ரே. பகல் முழுதும் கப்பல் சரக்கு இறக்கிவிட்டு வந்தவரிடம் அந்த ராகம் எடுபடாது. அதனால் அவர்கள் மொழியிலேயே இருந்த தாயையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டேன். ‘தாய் முதலில். தாய் அசையாமல் நிற்கிறாள், பிள்ளை மாறுகிறது; இரண்டையும் பெருக்கு. அடுத்து பிள்ளை நிற்கிறது, தாய் மாறுகிறாள்; பெருக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. எல்லாவற்றையும் தாயின் வர்க்கத்தால் வகு.’ அவ்வளவுதான். ‘மாறுவது’ என்றால் வகைக்கெழு எடுப்பது என்று முதல் நாளே விளக்கியிருந்தேன்.

“எங்க வீட்ல புள்ள அசையாம ஒக்காந்திருக்கான், நான்தான் மாறிக்கிட்டே இருக்கேன், ஐயா” என்று வியத்நாமிய மொழியில் சொன்னாள் மூட்டை தைக்கும் ஒரு பெண். வகுப்பு சிரித்தது. “அது இரண்டாவது பெருக்கல், அதைத்தான் கழிக்கச் சொல்றேன்” என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஆனால் யாரும் மறக்கவில்லை.

அந்த வகுப்பில் தமிழ் தெரிந்த மாணவி ஒருத்தி இருந்தாள். முப்பது வயது கடந்தவள். கிடங்கில் வரவேடு எழுதுபவள். தாய் இந்த ஊர்ப் பெண்மணி. தந்தை காரைக்கால் முஸ்லிம். அவர் ஒரு காலத்தில் துணிக்கடைத் தெருவில் மல்லும் பட்டும் விற்றவர். கடை போனபின் வீட்டு வாசலில் நூலும் பொத்தானும் வைத்திருந்தார். சான்றிதழ் இல்லாத எழுத்தர்கள் மேசையை விட்டுப் போக வேண்டும் என்று கிடங்கில் சொல்லியிருந்ததால் மகளைப் படிக்க அனுப்பினார். வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து படியடியில் நின்றுகொண்டு, மேலிருந்து வரும் கூட்டுக் குரலைக் கேட்பார். வியத்நாமிய மொழியில் ஆசிரியரை அழைக்கும் சொல் நம் காதில் ஏறக்குறைய ‘தாய்’ என்றே விழும். அவருக்கு அது போதும். எங்களவர் வழக்கப்படி என்னை அவர் ‘முசியே’ என்பார், பிரெஞ்சில் ஐயா.

“என்னா முசியே, ஆம்புளய போயி தாய் தாய்ங்குறாளுவோ! அதான் கணக்குலயும் தாய் மொதல்லன்னு சொல்லிட்டியளா?”

“பாய், அது கணக்கு. கேலி பண்ற எடம் இல்ல.”

“கேலி இல்ல முசியே, சந்தோசம். பெத்த தாய் ஒண்ணு, பாடம் சொல்ற தாய் ஒண்ணு. எம்மவளுக்கு ரெண்டு தாய்.”

அப்போது அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

வகுப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வடக்கிலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். நல்ல படிப்பாளி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் என்னை ஆசிரியர் என்று ஒருமுறையும் அழைக்கவில்லை. ‘பாக்’ என்பார். பெரியப்பா என்று பொருள். மரியாதைச் சொல்தான். வீட்டிலோ சந்தையிலோ என்னை அப்படி அழைத்தால் மகிழ்வேன். வகுப்பறைக்குள், மாணவர் முன்னிலையில், கணிதம் கற்பிக்கும் ஒருவரைக் கணிதம் கற்பிக்கும் இன்னொருவர் பெரியப்பா என்றால், வயதுக்கு வணக்கம், தொழிலுக்கு இல்லை என்றுதான் அர்த்தம். நான் அவரை முறைப்படி ஆசிரியர் என்றே அழைத்துவந்தேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் மீள்பார்வை வகுப்பை அவரே நடத்துவதாகச் சொன்னார். பொறுப்பாளர் சொன்னால் மறுப்பதற்கில்லை. நான் வீட்டில் இருந்தேன்.

தேர்வில் எதிர்பார்த்தபடியே ஒரு பின்னச் சார்பு வந்தது: 3 − 2x ஐ x + 1 ஆல் வகுத்தது. அதன் வகைக்கெழுவைக் கண்டு, சார்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அட்டவணை போட்டு, வரைபடம் வரைய வேண்டும். வகைக்கெழுவின் குறி தவறினால் அட்டவணை தவறும், வரைபடம் தவறும், அந்த வினா முழுவதும் கவிழும். முடிவுகள் ஒட்டப்பட்டபோது வகுப்பில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். துணிக்கடைக்காரர் மகள் தேறவில்லை.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். என் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

“முசியே, ஒங்க கணக்கு எம்மவள கவுத்துடுச்சு.”

“எந்தக் கணக்கு, பாய்?”

“அந்த மேல கீழ கணக்கு. தாய் மொதல்லன்னு சொன்னியளா இல்லையா?”

“சொன்னேன்.”

“பொஸ்தவத்துல புள்ள மொதல்லன்னு போட்டு ஈக்குதாம். வடக்கத்தி வாத்தியாரு தன் வாயால சொன்னாரு. நீங்க தலகீழா சொல்லிக் குடுத்துட்டிய. ப்ளுஸ் வர்ற எடத்துல முவான், முவான் வர்ற எடத்துல ப்ளுஸ்!”

முவான் என்பது பிரெஞ்சில் கழித்தல், ப்ளுஸ் கூட்டல். எங்களவர் பேச்சில் இவை அப்படியே தங்கிவிட்டன. நான் பொறுமையோடுதான் பதில் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதான் பாய். மூணை நாலால பெருக்கினாலும் பன்னெண்டு, நாலை மூணால பெருக்கினாலும் பன்னெண்டு.”

“பெருக்குறதுக்கு அது சரி. கழிக்கிறதுக்கு? நாலுல மூணு போனா ஒண்ணு நிக்கும். மூணுல நாலு போவுமா? கடையில ஒக்காந்து கழிச்சவன் முசியே நான், எனக்கே கணக்கு சொல்லாதிய.”

கூர்மையான கேள்வி அது; மறுக்க மாட்டேன். கழித்தலில் வரிசை மாறினால் குறி மாறும். ஆனால் நான் மாற்றியது கழித்தலின் வரிசையை அல்ல. ஒவ்வொரு பெருக்கலுக்கும் உள்ளே தாய் முன்னால் நிற்கிறாளா பிள்ளை முன்னால் நிற்கிறதா என்பது மட்டுமே வேறு. எந்தப் பெருக்கலிலிருந்து எதைக் கழிப்பது என்பது புத்தகத்திலும் என் பாடத்திலும் ஒன்றே. முதலில் வருவது பிள்ளை மாறிய பெருக்கல். இதை நான் சொல்லத் தொடங்கியபோது அவர் தெருவில் இறங்கிவிட்டார். போகிற போக்கில், பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படி, “ஒரு முவான் எங்க போடுறதுன்னு தெரியாம பதினெட்டு வருசம் வாத்தியாராம்!” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் அதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மாதா கோவில் படியிறங்கும்போது, முன்பு பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி, “போன்ழூர், முசியே முவான்!” என்றார். பக்கத்தில் நின்ற இருவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அந்த நகரில் அப்போது எஞ்சியிருந்த தமிழர் எத்தனை பேர்? ஒரு பேருந்தில் எல்லோரையும் ஏற்றிவிடலாம். அவ்வளவு பேருக்கும் ஒரே வாரத்தில் நான் முசியே முவான் ஆகிவிட்டேன். எனக்கு நேர்ந்ததை அவமானம் என்று சொல்வதுகூடப் போதாது. என் வீட்டை எடுத்துக்கொண்டவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எடுத்தார்கள். இவர்கள் கேட்கக்கூட இல்லை.

பொறுப்பாளருக்கு எழுத்து மூலம் ஒரு வேண்டுகோள் கொடுத்தேன்: வகுத்தல் விதியை நான் கற்பித்த விதம் சரியா தவறா என்பது மாணவர் முன்னிலையிலேயே தீர்க்கப்பட வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அடுத்த வகுப்பு நாளில் தேறியவர்களும் வந்திருந்தார்கள், அவரும் வந்தார். நான் அழைத்ததன்பேரில் துணிக்கடைக்காரரும் மகளும் வந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து போனேன். மாலை ஐந்து மணி. வெயில் ஜன்னல் வழியே பலகையில் பாதியளவு விழுந்தது.

நான் எளிய ஒன்றை எடுத்தேன். x இன் வர்க்கத்தை x ஆல் வகுத்தால் x தான். x இன் வகைக்கெழு 1. இதில் யாருக்கும் சண்டை இல்லை, கடைக்காரர்கூட ஏற்றுக்கொண்டார். இப்போது அதையே வகுக்காமல் வைத்துக்கொண்டு விதியைப் போட்டேன். தாய் x நிற்கிறாள், பிள்ளை மாறி 2x ஆகிறது: இரண்டு x வர்க்கம். பிள்ளை x வர்க்கம் நிற்கிறது, தாய் மாறி 1 ஆகிறாள்: ஒரு x வர்க்கம். கழித்தால் ஒரு x வர்க்கம். தாயின் வர்க்கமும் அதே. வகுத்தால் 1. அடுத்து புத்தகத்தின் வரிசைப்படி பிள்ளையை முன்னால் வைத்து எழுதினேன். 1. பிறகு, என்மேல் சாட்டப்பட்டபடி தலைகீழாகக் கழித்துக் காட்டினேன். மைனஸ் 1 வந்தது. அந்தக் கழித்தல் குறியை நகத்தளவு நீட்டாமல் முழங்கையளவு நீட்டிப் போட்டேன்.

“தலைகீழாகக் கற்பித்திருந்தால் இதுதான் வந்திருக்கும். இந்த மைனஸ் ஒன்றை என் மாணவர் யாராவது என்னிடமிருந்து கற்றதுண்டா?” என்று வியத்நாமிய மொழியில் கேட்டேன்.

“இல்லை, ஐயா” என்று முழு வகுப்பும் சொன்னது.

இளம் ஆசிரியர் எழுந்தார். “பாக் சொன்னது சரிதான். நான் புத்தகத்துல எப்படி எழுதியிருக்குன்னுதான் சொன்னேன். தப்புன்னு சொல்லலையே. இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு பெரிய கூட்டம்?” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தப்பென்று சொல்லவில்லையாம்! தேர்வில் தோற்ற மகளின் தந்தை வந்து கேட்கும்போது, ‘புத்தகத்தில் பிள்ளை முதலில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது வேறென்ன? ‘இரண்டும் ஒன்றே’ என்று இரண்டு சொல் சேர்க்க அவர் வாய் வலித்ததா?

கடைக்காரர் விடவில்லை. மகளைப் பார்த்தார். “அப்ப நீ எப்புடி கோட்ட விட்ட? போ, போயி அந்தக் கேள்விய பலகையில போடு.”

அவள் சுண்ணக்கட்டியை வாங்கினாள். என்னைப் பார்த்தாள், பிறகு பொறுப்பாளரைப் பார்த்தாள். தாய் x + 1 நிற்க, பிள்ளை 3 − 2x மாறி மைனஸ் 2 ஆனது: பெருக்கினால் −2x − 2. அதிலிருந்து 3 − 2x ஐக் கழித்தாள், அடைப்புக்குறி போட்டு, ஒவ்வொரு குறியையும் நீட்டி. மைனஸ் 5. கீழே தாயின் வர்க்கம். ஒரு தடுமாற்றமும் இல்லை.

“இம்புட்டு சுளுவா போடுறியே! அன்னிக்கு என்னா வந்துச்சு ஒனக்கு?”

“மறந்துட்டேன், வாப்பா.”

“மறந்துட்டாளாம்” என்று அவர் எழுந்தார். படியிறங்கும்போது யாரிடமோ, “தாய் புள்ளன்னு கத சொன்னா மறக்காம என்னா செய்யும்” என்றது கேட்டது.

அன்று பாலத்தில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது அவள் பின்னால் ஓடிவந்தாள். கீழே ஆற்றில் படகுகள் நீர் ஏற்றத்துக்குக் காத்திருந்தன.

“முசியே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதிய.”

“சொல்லும்மா.”

“பரீச்சையில ஒங்க விதிய நான் போடவே இல்ல.”

நான் நின்றுவிட்டேன். “பின்ன எதைப் போட்டே?”

“குறுக்கால பெருக்குறது. கடைசி ரெண்டு நாள்ல அவரு சொல்லிக் குடுத்தாரு. நாலு நம்பர எடுத்து மேல ரெண்டு கீழ ரெண்டு எழுதணும், குறுக்க பெருக்கிக் கழிக்கணும், ஒரே வரியில முடிஞ்சிடும்னாரு. நான் மேல மூணு, முவான் ரெண்டு. கீழ ஒண்ணு, ஒண்ணுன்னு எழுதினேன். ப்ளுஸ் அஞ்சு வந்துச்சு.”

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் குறுக்குவழி தவறானதல்ல. ஆனால் x உள்ள எண்ணை முதலிலும் தனி எண்ணை அடுத்தும் எழுதினால்தான் அது சரி. வினாவில் வேண்டுமென்றே 3 − 2x என்று தனி எண்ணை முன்னால் வைத்திருந்தார்கள். x + 1 இல் இரண்டும் ஒன்று என்பதால் கீழ் வரிசையில் எப்படி எழுதினாலும் தெரியாது. மேல் வரிசையில்தான் பொறி. அவள் கண்ணில் பட்ட வரிசையில் எழுதிவிட்டாள். இந்த ஆபத்துக்காகத்தான் அந்தக் குறுக்குவழியை என் வகுப்பில் நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை. விதி முழுதாக எழுதப்பட்டால் எண்கள் எந்த வரிசையில் நின்றாலும் கவலையில்லை.

“ப்ளுஸ் அஞ்சுன்னா சார்பு ஏறணும். நீ எல்லைகளைக் கண்டுபிடிச்சிருப்பியே, அங்கே இடிச்சிருக்குமே?”

“இடிச்சுது முசியே. ஒரு பக்கம் முடிவிலியிலேர்ந்து முவான் ரெண்டுக்கு வரணும். ஏறுறதுன்னா எப்புடி? அதனால... எல்லைய அழிச்சு மாத்திட்டேன்.”

சரியாகக் கண்டுபிடித்ததை அழித்து, தவறுக்குப் பொருந்தும்படி மாற்றியிருக்கிறாள்! நான் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். மீன் கூடையோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“இதை மாடியில, எல்லார் முன்னாலயும் ஏன் சொல்லலை? அரை மணி நேரம் முன்னால சொல்லியிருந்தா என் பேரு என்கிட்ட திரும்பி வந்திருக்குமே!”

அவள் கண் கலங்கவில்லை. அதுவே என்னைக் கொஞ்சம் நிதானப்படுத்தியது. “மறுபரீச்சைக்கு யாரு யாரு போவலாம்னு அவருதான் கையெழுத்துப் போடணும், முசியே. அவரு பக்கத்துல நிக்கையில, அவரு சொன்ன வழிதான் என்ன கவுத்துச்சுன்னு எப்புடி சொல்லுவேன்? எழுத்து மேச போச்சுன்னா மூட்ட அடுக்கத்தான் போவணும். எனக்கு முதுவு தாங்காது.”

“உங்க வாப்பாகிட்டயாவது சொல்லு.”

“வாப்பாகிட்ட சொன்னா நாளைக்கே பள்ளிவாசல்ல நிக்கும். நாளன்னிக்கு அவரு காதுல உழும்.”

அது உண்மை என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. சான்றிதழ் கையில் வரும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னேன். விரும்பிச் சொன்னதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

அவள் மறுதேர்வு எழுதினாள், முழு விதியைப் போட்டாள், தேறினாள், மேசை நிலைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிட்டது. அந்த ஓராண்டில் என் பெயர் முசியே முவான் என்றே ஆகி, கடையில் அரிசி அளப்பவர்வரை போய்விட்டது. இளம் ஆசிரியர் வேறு மாவட்டத்துக்கு மாறினார். கடைக்காரர் தம் தமையன் அனுப்பிய குடியேற்றத் தாள்களின் பேரில் மனைவியோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மகள் இங்கே கணவனோடு தங்கினாள். தந்தைக்குக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியதாக என்னிடம் சொன்னாள். அவர் பதிலையும் காட்டினாள். இரண்டு பக்கம் குளிரைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி வரியில், ‘முசியே விசயம் பழைய கதை, இப்ப எதுக்கு’ என்று முடித்திருந்தார். கதையைப் பரப்பியவருக்கு அது பழையதாகலாம். சுமந்தவனுக்கு ஆகவில்லை. நான் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லவில்லை. போயிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். சரியாகக் கற்பித்தவன் வாசல் வாசலாக நின்று, நான் சரியாகத்தான் கற்பித்தேன் என்று முறையிடுவதா? முடியவில்லை, இன்றும் முடியாது.

இவ்வளவு ஆண்டுகள் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சென்ற ஆண்டு ஒரு நூல் என் கைக்கு வந்தது. இங்கிருந்து பிரான்சுக்குப் போன நம்மவர்கள் தங்கள் பழைய நினைவுகளைத் தொகுத்து அச்சிட்டது. இதே நகரின் தாவோ தியென் பகுதியில் குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் வாங்கிவந்து, பெருமையாக, “உங்களைப் பத்திக்கூட இருக்குது, தாத்தா” என்று கொடுத்தான். இருந்தது. காலமான அந்தத் துணிக்கடைக்காரர் சொன்னதாக வேறொருவர் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. கான் ஹொய் மாலை வகுப்பில் கணிதம் கற்பித்த தமிழர் ஒருவர்தான். நகைச்சுவைப் பகுதியில் சேர்த்திருக்கிறார்கள்.

கடைக்காரர் மகளிடம் நூலைக் காட்டினேன். இப்போது அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“எழுதுங்க முசியே. வாப்பா போயாச்சு. எனக்குப் பென்சனும் வந்தாச்சு. கையெழுத்துப் போட இனிமே யாரும் இல்ல.”

ஆகவே எழுதுகிறேன். அந்த நூலில், துறைமுக வகுப்பின் தமிழ் ஆசிரியருக்கு வகுத்தல் விதியில் கழித்தல் குறியின் இடம் தெரியாது என்றும், அவர் வகுப்பில் ஒருவரும் தேறவில்லை என்றும், அதனால் அவர் விலக்கப்பட்டார் என்றும் இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலோர் தேறினார்கள். தேறாத அந்த மாணவி அந்த வினாவில் வகுத்தல் விதியைப் பயன்படுத்தவே இல்லை. அவள் போட்டது நான் கற்பிக்காத குறுக்குப் பெருக்கல். மறுதேர்வில் வகுத்தல் விதியைப் போட்டுத் தேறினாள். என்னை யாரும் விலக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அதே மாடியில் கற்பித்து, வயது முடிந்து ஓய்வு பெற்றேன்.